ஒரேனுக்குக் குரல் கொடுத்தவர்

ஜூன் 3, திங்கள்

வேலை உறுதியாகிவிட்டது. காலை பத்தரைக்கு பெங்களூரிலிருந்து மெயில் வந்தது. ஒரு முழு வீடியோ கேமைத் தமிழில் டப்பிங் செய்ய எங்கள் ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சாலிகிராமத்தில் ஒரு மாடி, ஒரு பூத், நாள் முழுக்க ஒழுகும் ஏசி, ஒலிப்பதிவுக்கு பர்வேஸ். எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். மெயிலை இரண்டு முறை படித்துவிட்டு பர்வேஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "படிச்சது போதும்க்கா, பதில் போடுங்க, மனசு மாறிடப் போறாங்க" என்றான்.

ஜூலை 20 வரை அவகாசம். கதை ஒரு துறைமுக நகரத்தில் நடக்கிறது. ஒரேன் என்பவன் அங்கே சங்கிலி பூட்டப்பட்டுச் சுமை தூக்கியவர்களில் ஒருவன். அவர்களைத் திரட்டி, எஜமானர்களைத் துரத்தி, நகரத்தை விடுவிக்கிறான். பிறகு அவனே அதை ஆள்கிறான். பிறகு யாரும் வெளியேற முடியாமல் துறைமுகத்தை மூடுகிறான். விளையாடுபவர் கடைசியில் அவனைத்தான் கொல்ல வேண்டும். அவனுக்கு மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரிகள்.

இந்தக் குரலுக்கு இன்னொரு ஆளை யோசிக்கவே இல்லை. அருளண்ணனுக்கு போன் செய்தேன்.

"நல்லவனா கெட்டவனா?" என்றார்.

"முதல்ல நல்லவன். போகப் போக மாறிடுவான்."

"அப்பம் நம்மாளுதான். எப்பம் வரணும் இந்தும்மா?"

சிலிண்டர் புக் செய்ய வேண்டும். பல் டாக்டரிடம் நேரம் கேட்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் ஒரேன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை 'we' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறான். தமிழில் அதற்கு இரண்டு சொற்கள். 'நாம்' என்றால் கேட்பவர்களும் அவனோடு சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்பவர்கள் வெளியே. எந்த வரியில் ஒன்றை விட்டு மற்றதற்குப் போவது என்று நான்தான் முடிவு செய்தாக வேண்டும். அவன் அரியணை ஏறும் காட்சியில் மாற்றியிருந்தேன்.

அருளண்ணன் மதியம் வந்து ஸ்கிரிப்ட்டைப் புரட்டினார். பாளையங்கோட்டைக்காரர், ஐம்பத்து நான்கு வயது, முப்பது வருஷமாக மைக் முன்னால் நிற்பவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். சண்டை ஜெயித்த மறுநாள் ஒரேன் மக்களிடம் சொல்வது அது. 'எல்லாரும் வீட்டுக்குப் போங்கள். துறைமுகத்தை நாம் பார்த்துக்கொள்வோம்.'

"இங்கனயே 'நாங்கள்' வந்துரணும்."

"அப்ப அவன் இன்னும் நல்லவன்தானே அண்ணே."

"நல்லவந்தான். மாறுனது அவனுக்கே தெரியப்பிடாதுல்லா. அடுத்தவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

மாற்றிவிட்டேன். அவர் சொன்னது சரி.

ஜூன் 8, சனி

முதல் பதிவு. மைக்கில் இரைச்சல் விழும் என்பதால் ஏசியை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் பூத் அடுப்பாகிவிடுகிறது. அருளண்ணன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு பனியனோடு நின்று துறைமுகப் பேச்சைப் பேசினார். மூன்றரை நிமிஷம், ஒரே டேக். பேச்சு முடிந்த பிறகும் பர்வேஸ் பதிவை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தான். வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த தாமரை கதவைத் திறந்து "சார், நானே கிளம்பி வந்துருவேன் போல இருக்கு உங்க பின்னால" என்றாள்.

தாமரைதான் கதாநாயகி. கேமில் ஒரேனைக் கொல்பவள். வயது இருபத்தாறு. சாப்பிடும்போது என்னிடம், "ஒன்பது நாள் உட்கார்ந்தது நீங்கதானாக்கா?" என்று கேட்டாள்.

நான்தான். பதினான்கு வருஷம் ஆகிறது. அப்போது நானும் குரல் கலைஞர்தான். சுகுணா என்று ஒரு பெண், பேய்ப் படத்துக்கு ஐந்து மணி நேரம் கத்தி, மைக் முன்னாலேயே ரத்தம் துப்பினாள். நாங்கள் பதினேழு பேர் அந்த ஸ்டுடியோ நடைபாதையில் ஒன்பது நாள் உட்கார்ந்தோம். கத்தும் காட்சி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான், அதுவும் வேலையின் கடைசியில்தான் என்று எழுதி வாங்கினோம். பேசியது நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அருளண்ணன்.

தாமரையிடம் இதைச் சொன்னபோது அவர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஒம்பது நாளும் இட்லிதான். அதுக்குப் பொறவு ஒரு வருஷம் நான் இட்லியத் தொடல" என்றார்.

ஜூன் 14, வெள்ளி

வீடியோ கேமில் வசனத்தைவிடச் சத்தங்கள் அதிகம். கத்திக்குத்து வாங்குவது பதினைந்து விதம். நெருப்பில் விழுவது எட்டு. தண்ணீரில் மூழ்குவது ஆறு. உயரத்திலிருந்து விழுவதை நீளமாக, நடுத்தரமாக, குட்டையாக என்று மூன்றாகக் கேட்கிறார்கள். அருளண்ணன் இரண்டு மணி நேரம் செய்தார். ஒரு மணி நேரத்தில் நிறுத்தத்தான் இருந்தேன். "சூடு ஆறுமுன்ன முடிச்சிருவோம்" என்று அவரேதான் சொன்னார்.

ஏசி மெக்கானிக் வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

விளையாட்டு வெளியாகும் தேதியை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். ஜூலை 20 இல்லை, ஜூன் 30. பெங்களூர்க்காரரிடம் நாற்பது நிமிஷம் பேசிப் பார்த்தேன். எல்லா மொழிக்கும் இதே தேதிதான் என்கிறார். இந்த வேலையை ஒழுங்காக முடித்தால் இரண்டாம் பாகமும் எங்களுக்குத்தான் என்றும் சொன்னார்.

மாலை எல்லாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் கத்தும் காட்சிகளை மூன்று மணி நேரம் வைத்துக்கொள்வோம், பிறகு பழையபடி என்றேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தாமரை மட்டும், "இதை எழுதிக் குடுப்பீங்களாக்கா, ரெண்டு வாரம்னு?" என்றாள். நம்மிடையே எழுத்து எதற்கு என்றேன். எதிர்ப்பு இருந்தால் சொல்லியிருப்பார்கள். என்னிடம் எதையும் சொல்ல இங்கே எல்லாருக்கும் உரிமை உண்டு.

ஜூன் 20, வியாழன்

அருளண்ணன் குரல் காலையிலேயே கட்டியிருந்தது. ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டு வந்திருந்தார். ஒரு வரி, ஒரு மிடறு, ஒரு வரி என்று போனது. ஒரேன் ஆட்சிக்கு வந்து ஐந்து வருஷம் கழிந்த காட்சிகள் இவை. கட்டிய குரல் அதற்கு மிகவும் பொருந்துகிறது. பர்வேஸிடம் சொன்னேன். அவன் அடுத்த டேக்குக்கு எண் போட்டான்.

வேலை முடிந்ததும், "நாளைக்கு எத்தன மணிக்கு மேடம்?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஜூன் 22, சனி

அருளண்ணன் மனைவி ரோஸ்லின் போன் செய்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். அதிகம் பேச மாட்டாள்.

"அவுக வீட்டுல பேசுறதே இல்லக்கா. சோறு வேணும்னாக்கூட கையக் காட்டுதாக. பேசுனா நாளைக்குக் குரல் வராதாம். ரெண்டு நாளு விடக்கூடாதா?"

தாராளமாக விடலாம், திங்கட்கிழமை வர வேண்டாம் என்று நானே சொல்கிறேன் என்றேன். சொல்லியும் விட்டேன்.

பல் வலி. வேர் வரை போயிருக்கிறதாம். மூன்று முறை வரச் சொல்கிறார் டாக்டர். மாதக் கடைசி வரை மாத்திரையில் ஓட்ட வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

அருளண்ணன் வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. வாட்ஸ்அப் குழுவில், இன்னும் யார் யாருக்கு எத்தனை வரி பாக்கி என்ற பட்டியலை மட்டும் போட்டிருந்தேன். அது எல்லாருக்கும் பொதுவாகப் போட்டது.

நூற்று நாற்பது வரி எடுத்தோம்.

ஜூன் 25, செவ்வாய்

பதினொரு மணிக்கு அருளண்ணன் வடபழனி டாக்டரிடமிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். குரல்நாண் வீங்கியிருக்கிறது, அதன் மேல் ரத்தக் குழாய் ஒன்று கொப்புளம் போலப் புடைத்திருக்கிறது. மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார் டாக்டர்.

பாக்கி இருப்பது இருநூற்றுப் பன்னிரண்டு வரி. கடைசிக் காட்சி முழுக்க அதில்தான்.

அவரை உட்கார வைத்துவிட்டு பெங்களூருக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. குரல் நடுவில் மாறுவதை ஏற்க முடியாது, வேறு ஆளைப் போட்டால் ஒரேனை முதல் வரியிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். மெயிலில் இன்னொரு வரியும் இருந்தது. அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் இதே முடிவைத்தான் எடுத்திருப்பார்.

"முதல்லேர்ந்தா?" என்றார். காற்றுதான் அதிகம் வந்தது.

"ஆமாண்ணே."

"அந்தத் துறைமுகப் பேச்சும் போயிருமா?"

"எல்லாமே போயிடும். முடிவு உங்களோடதுதான். நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரம் மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு எழுந்து, "வியாழக்கிழமை வாறேன் மேடம்" என்றார். சிரிக்க யாரும் அருகில் இல்லை.

ஜூன் 26, புதன்

தண்ணீர் கேன் இரண்டு. மெக்கானிக் இன்றும் வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

எல்லாம் முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை சின்ன வரிகள். மெதுவாகப் பேசுபவை. இடையில் நானே அவருக்கு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தேன். மூன்றுக்குக் கடைசிக் காட்சி. ஒரேன் கோட்டைக்குள் தனியாக இருக்கிறான். காவலர்கள் ஓடிவிட்டார்கள். அது தெரியாமல், தான் விடுவித்த மக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பதினோரு பெயர்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட உரக்க.

முதல் டேக்கில் ஏழாவது பெயரில் குரல் உடைந்தது. இரண்டாவதில் ஐந்தாவதில். மூன்றாவது கடைசி வரை போனது, ஆனால் சத்தம் போதவில்லை.

பர்வேஸ் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "போதும்க்கா. இதை வச்சு நான் சமாளிச்சிக்கிறேன்."

"இது போதாது பர்வேஸ்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருளண்ணன் இரண்டு கையாலும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனியன் முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். ஒரு விரல். இன்னொன்று என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்துக்கொள்வது? பதிவு விளக்கைப் போட்டேன்.

நான்காவது டேக்கில் பதினோரு பெயரும் வந்தன. ஒன்பதாவதுக்குப் பிறகு அது மனிதக் குரலாகவே இல்லை, துணி கிழிவது போல ஒன்று. கடைசிப் பெயர் வெறும் மூச்சாக வந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு டேக்கை நான் கேட்டதில்லை. எழுந்து நின்று கை தட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன் என்பதைச் சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெந்நீர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. மறுபடி அசைந்தது. பர்வேஸ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கினான். பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகச் சொன்னேன். ஃபைல்களை அனுப்ப வேண்டியிருந்ததால் நான் போக முடியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

புடைத்திருந்த குழாய் வெடித்துவிட்டது. குரல்நாணில் ரத்தம் கட்டியிருக்கிறது. அது வற்றிய பிறகு ஆபரேஷன். பழைய குரல் வருமா என்று கேட்டதற்கு டாக்டர், "குரல் வரும்" என்று மட்டும் சொன்னாராம்.

ஜூன் 30, ஞாயிறு

எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிட்டோம். பெங்களூரிலிருந்து பாராட்டு வந்தது. கடைசிக் காட்சி எல்லா மொழிகளையும்விடத் தமிழில்தான் உயிரோடு இருக்கிறதாம். மூல நிறுவனத்துக்கே போட்டுக் காட்டினார்களாம்.

மெயிலை பர்வேஸுக்குப் படித்துக் காட்டினேன். அவன் தன் ஹெட்போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"செவ்வாய்க்கிழமை வந்த மெயிலையும் நான் படிச்சேன்க்கா. நம்ம சிஸ்டம்லதான் திறந்து வச்சிருந்தீங்க."

மெயிலை மூடினேன்.

"ஒரேன் பார்ட்டை மட்டும் மூணு வாரம் தள்ளிக் குடுக்கலாம்னு போட்டிருந்தான்."

"அப்படிக் குடுத்தா ரெண்டாம் பாகத்தை வேற ஸ்டுடியோவுக்குக் குடுப்பேன்னும்தான் போட்டிருந்தான். இந்த ஸ்டுடியோவை நம்பி எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? நீயும்தான்."

"அதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்ன செஞ்சிருப்பார்? எனக்காக வந்துதான் இருப்பார்."

"வந்திருப்பார்க்கா. அதான் சொல்லியிருக்கணும்ங்கிறேன்." பையைத் தோளில் மாட்டினான். "அன்னைக்கு விரலைத் தூக்கினாரே, ஒரு நிமிஷம் குடுங்கன்னு கேட்டார். எனக்குப் புரிஞ்சுது."

அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரிந்திருக்கும். நாளையிலிருந்து வர மாட்டானாம். புது ஆள் தேட வேண்டும்.

ஜூலை 6, சனி

அருளண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆப்பிளும் மாதுளையும் வாங்கிப் போனேன். ரோஸ்லின் வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்த உள்ளே போய்விட்டாள்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு, சட்டைப் பையில் பேனா. மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தேதியை மாற்றியதில் என் பங்கு எதுவும் இல்லை என்பதை, என்னை நம்பியிருப்பவர்களை, நான் அன்று எவ்வளவு தவித்தேன் என்பதை, கடைசி டேக் எல்லாரையும் எப்படி உலுக்கிவிட்டது என்பதை. அரை மணி நேரத்துக்கு மேல் பேசியிருப்பேன். குறுக்கீடே இல்லாமல் யாரிடமும் நான் இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டுவார் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்தேன்.

முடித்ததும் நோட்டைத் திறந்து எழுதி என் பக்கம் திருப்பினார்.

'ரெண்டாம் பாகம் கிடைச்சுதா?'

பர்வேஸ் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, அவராகவே அறிந்திருக்கலாம். "கிடைச்சிருக்குண்ணே" என்றேன். அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். நோட்டையும் மூடினார். திட்டி ஒரு வரி எழுதியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பிறகு இருவரும் ஜன்னலுக்கு வெளியே கொடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அழ வேண்டும் போலிருந்தது. அவர் முன்னால் அழுதால் அதற்கும் அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

ஆபரேஷன் முடிந்தது. ரோஸ்லின் ஒரே வரியில் செய்தி அனுப்பியிருந்தாள். பூங்கொத்து அனுப்பலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பல்லில் முதல் சிட்டிங். வலிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

இரண்டாம் பாகத்துக்கு ஸ்கிரிப்ட் வந்துவிட்டது. தாமரை ஒரு காகிதத்தோடு வந்தாள். கத்தும் காட்சி ஒரு மணி நேரம் என்று டைப் செய்து, கீழே ஆறு பேர் கையெழுத்து. என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

"பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"எப்பக்கா?"

"தேதி எல்லாம் முடிவாகட்டும் தாமரை. நானும் ஒரு காலத்துல இதுக்காக உட்கார்ந்தவதான்."

"தெரியும்க்கா. அதனாலதான் உங்ககிட்ட நேரா வந்தோம்."

கையெழுத்துப் போட எனக்கு ஆசைதான். போட்டுவிட்டுத் தேதியை எப்படிப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. தேதி என் கையில் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

கதாநாயகிக்கு வேறு குரல் பார்க்கிறேன். இரண்டாம் பாகத்தில் அவளுக்கு வயது கூடுகிறது. தாமரையின் குரல் பொருந்தாது.

ஆகஸ்ட் 26, திங்கள்

இரண்டாம் பாகத்தில் ஒரேன் நினைவுக் காட்சிகளில் வருகிறான். அறுபது வரி. அதே குரல்தான் வேண்டும் என்கிறார்கள். அருளண்ணனைப் போலப் பேசக்கூடியவர்களை இன்று வரச் சொல்லியிருந்தேன். எட்டுப் பேர். துறைமுகப் பேச்சின் முதல் நான்கு வரியைப் போட்டுக் காட்டி, அதே போலப் பேசச் சொன்னேன். ஒருவர் சுருதியைப் பிடித்தார், பாளையங்கோட்டைத் தடம் இல்லை. இன்னொருவரிடம் அது இருந்தது, கனம் இல்லை. காலையிலிருந்து அந்தக் குரலையே தேடித் தேடிக் காது புளித்துவிட்டது.

ஐந்தாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தேன். அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். சிக்னல் சரியில்லை என்று நினைத்து, "யாரு பேசுறது?" என்றேன். மறுபடி அதே கரகரப்பு. ஏதோ ஒரு கிழவியின் குரல் போல இருந்தது. "ராங் நம்பர்ம்மா" என்று வைத்துவிட்டேன்.

உடனே மறுபடி அடித்தது. "யாரு? யாரு வேணும் உங்களுக்கு?" இந்த முறை இரண்டு மூன்று சொற்கள் வந்தன. ஒன்றும் புரியவில்லை. "பதிவு நடக்குதும்மா, அப்புறம் பண்ணுங்க" என்று வைத்தேன். மூன்றாவது முறை அடித்தபோது புதுப் பையன்களின் நேரம் வீணாகிறது என்று போனை அணைத்துவிட்டேன்.

எட்டுப் பேரும் போன பிறகு போனை உயிர்ப்பித்தேன். ரோஸ்லினிடமிருந்து செய்தி இருந்தது. 'அவுக போன் ரிப்பேரு. எங்க ஸ்கூலுக்கு வந்து, இங்க உள்ள போன்லேர்ந்து உங்களுக்குப் பேசுனாக.'

எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தக் குரலோடு வேலை செய்திருக்கிறேன். அடுத்த அறையில் அவர் இருமினால்கூட அவர் என்று சொல்வேன்.

ரோஸ்லினைக் கூப்பிட்டேன்.

"எனக்குத் தெரியல ரோஸ்லின். சத்தியமா எனக்கு அடையாளம் தெரியல."

"எனக்கே ஒரு வாரமாச்சுக்கா பழக."

"போனைக் குடு அவர்கிட்ட. ஒரு நிமிஷம்."

"இன்னைக்கு முடியாதுக்கா. ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம்தான் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. காலைலேர்ந்து வாயத் தொறக்காம வச்சிருந்தாக, ஒங்ககிட்ட பேசணும்னு. அதுதான் முடிஞ்சிட்டே."

"என்ன சொல்ல வந்தார்?"

"எங்கிட்ட சொல்லல."

"எழுதித் தரச் சொல்லேன்."

பக்கத்தில் அவரிடம் கேட்டாள் போலிருக்கிறது. நோட்டைத் திறக்கும் சத்தமாவது வருமா என்று காதை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்ங்காக அக்கா" என்றாள் ரோஸ்லின்.

"நாளைக்குக் கூப்பிடுவாரா?"

"அத அவுகதான் சொல்லணும்."